ஏரி கெட்டால் கொடுவா எப்படி வரும்?

(நமது கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் திருப்பம், தீர்மானப் புத்தகம், தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு மீனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "மீனைப் பத்தி எங்களுக்கே சொல்றியாம்மா?" என்று கடலோர ஊர்ப் பெண்கள் சிரிக்கிறது தெரிகிறது. மீன் பிடிப்பதையோ விற்பதையோ நான் சொல்லித்தரப் போவதில்லை. அந்த மீன் ஏன் குறைகிறது, அதற்கும் நம்ம ஊர் ஏரிக்கும் என்ன சம்பந்தம், அதில் நம்ம குழுக்கள் செய்யக்கூடியது என்ன, இந்த மூன்றைத்தான் பேசப் போகிறேன்.

அந்த மீன் கொடுவா. கோவளம், முட்டுக்காடு, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பக்கம் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் கொடுவாவின் அருமை தெரியும். முள் குறைவு, சதை வெள்ளை, குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஹோட்டல்களில் இதையே 'சீ பாஸ்' என்று பெயர் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைகளில் 'பாசா' என்று தோல் உரித்த வெள்ளைத் துண்டுகளாக விற்கிறார்களே, அது வேறு. அது வியட்நாம் நாட்டில் பெருமளவில் வளர்க்கப்படும் ஒரு கெளுத்தி வகை. பெயர் ஒன்று போலக் கேட்பதால் கொடுவா விலை கொடுத்து ஏமாறக் கூடாது.

நம்ம கூட்டமைப்பில் மூன்று விதமான ஊர்க்காரர்கள் இருக்கிறோம். சிங்கபெருமாள்கோவில், செங்கல்பட்டு பக்கம் ஏரியை நம்பி இருப்பவர்கள் ஒரு பக்கம். கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பங்கழியில் இறங்கி இறால், நண்டு பிடிக்கும் இருளர் சகோதரிகள் ஒரு பக்கம். கடலோரக் குப்பங்களில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்பவர்கள் இன்னொரு பக்கம். ஏரிக்காரர் பிரச்சினை ஏரியோடு, கழிக்காரர் பிரச்சினை கழியோடு என்று நாம் பிரித்தே பார்க்கிறோம். கொடுவா அப்படிப் பார்ப்பதில்லை. அதற்குக் கடலும் வேண்டும், கழியும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும்.

கொடுவாவின் வாழ்க்கை

கொடுவா முட்டை போடுவது கடலில், முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 30 கிராம் உப்பு இருக்கிற இடத்தில்தான் அது இனப்பெருக்கம் செய்யும். ஒரு பெரிய தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டை போடும். பொரித்த குஞ்சுகள் ஓதத்தோடு சேர்ந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். கழி, கால்வாய், ஆறு, வெள்ளக் காலத்தில் வயல்வெளி ஓடை வரைக்கும் ஏறும். உப்புத் தண்ணீர், கலங்கல் தண்ணீர், நல்ல தண்ணீர் எல்லாவற்றிலும் வளரும். இறால் குஞ்சும் சின்ன மீனும்தான் அதற்குச் சாப்பாடு. இரண்டு மூன்று வருஷம் இப்படி உள்ளே வளர்ந்துவிட்டு, பருவத்துக்கு வந்ததும் மறுபடி கடலுக்குப் போகும்.

இன்னொரு விஷயம் கேளுங்க. கொடுவா முதலில் பருவத்துக்கு வரும்போது ஆணாக இருக்கும். வளர்ந்து சுமார் நான்கு கிலோவைத் தாண்டும் சமயத்தில் பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும். அதாவது பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய் மீன். சின்ன வயசிலேயே எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் தாய் ஆவதற்கு மீனே மிஞ்சாது. பெரியதை மட்டுமே குறி வைத்துப் பிடித்தாலும் முட்டை போட ஆள் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் விட்டுப் பிடிக்க வேண்டிய மீன் இது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மீனுக்குப் பாதை வேண்டும். வரும்போதும் பாதை வேண்டும், திரும்பிப் போகும்போதும் வேண்டும். அந்தப் பாதை நாலு இடத்தில் அடைபட்டால், கடலில் எத்தனை முட்டை போட்டாலும் நம்ம வலைக்கு மீன் வராது.

சிட்லப்பாக்கத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் என்ன உறவு?

நம்ம மாவட்டத்து ஏரிகளைப் பெரியவர்கள் தனித்தனியாக வெட்டவில்லை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். தாம்பரம் பக்கத்தைப் பாருங்க. சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு வரும். செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். கால்வாய் தெற்கே ஓடி முட்டுக்காடு கழியில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும்.

இந்தப் பக்கம் செங்கல்பட்டு கொளவாய் ஏரி. அது நிரம்பினால் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றில் விழும். பாலாறு வாயலூர் அருகே கடலில் கலக்கும்.

ஆக, தாம்பரத்தில் ஒரு தெருவின் சாக்கடையை ஏரியில் திருப்பிவிட்டால், அது கடைசியில் வந்து சேர்வது முட்டுக்காட்டில் கொடுவாக் குஞ்சு வளரும் இடத்துக்குத்தான். இடையில் பள்ளிக்கரணை பெரிய வடிகட்டி போல நின்று கழிவைப் பிடித்து வைத்தது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. குப்பைக் கிடங்கும், சாலைகளும், கட்டடங்களும் வந்து சுருங்கிப் போனது. மிச்சம் இருப்பதில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சார் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் வடிகட்டி சின்னதாகிவிட்டது, கழிவோ பல மடங்கு ஆகிவிட்டது.

ஊர் வளர்ந்தபோது தண்ணீருக்கு என்ன ஆச்சு?

நகரம் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் வந்ததால்தான் நம்ம பிள்ளைகள் பல பேருக்கு வேலை கிடைத்தது. நம்ம உறுப்பினர்களில் வீட்டு வேலை, கேன்டீன் வேலை, ஹவுஸ்கீப்பிங் என்று போகிறவர்கள் எத்தனை பேர்! சிலர் நிலத்தை விற்று வீடு கட்டியிருக்கிறோம். அதனால் யாரையோ திட்டிவிட்டுப் போகிற பேச்சு இல்லை இது. வளர்ச்சி வந்தபோது தண்ணீருக்கு நடந்தது என்ன என்று மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, சாக்கடை. ஏரியைச் சுற்றி நகர்கள் வந்தன. பாதாளச் சாக்கடை பல இடங்களில் அந்த வேகத்தில் வரவில்லை. கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் கலந்து ஏரிக்குப் போகிறது. சாக்கடையில் இருக்கும் சத்து தண்ணீரைப் பச்சையாக்கும், ஆகாயத்தாமரையை வளர்க்கும். பகலில் பாசி காற்றைக் கொடுக்கும். ராத்திரியில் பாசி, கிருமி, மீன் எல்லாம் சேர்ந்து அதே காற்றை இழுக்கும். விடியற்காலையில் தண்ணீரில் காற்றே இருக்காது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மப்பும் மந்தாரமுமாக இரண்டு நாள் இருந்துவிட்டால் காலையில் மீன் செத்து மிதக்கும். "யாரோ விஷம் வெச்சுட்டாங்க" என்று ஊரில் சண்டை வரும். பல சமயம் விஷம் வைத்தது யாரும் இல்லை, தண்ணீருக்குள் காற்று தீர்ந்துபோயிருக்கும்.

இரண்டாவது, மீனின் சாதியே மாறிவிட்டது. முன்பு ஏரியில் விரால், குறவை, உளுவை, கெளுத்தி, கெண்டை, அயிரை என்று எத்தனை வகை! இப்போது பல ஏரிகளில் வலை போட்டால் ஜிலேபிதான் ஏறுகிறது. ஜிலேபி 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டு மீன். கெட்ட தண்ணீரையும் தாங்கும், வேகமாகப் பெருகும். விரால் மேலே வந்து நேரடியாகக் காற்றை இழுக்கும் மீன் என்பதால் கெட்ட தண்ணீரிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது கூடு கட்டிக் குஞ்சு காக்க ஓரத்தில் புல்லும் கோரையும் வேண்டும். ஏரிக் கரையை நேராக்கி, கல் பதித்து, நடைபாதை போட்டுவிட்டால் விராலுக்குப் பிரசவ அறை இல்லை. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய் ஏரியில் விடுகிறார்களே, அந்த 'டேங்க் கிளீனர்' மீனும் இப்போது வலையில் மாட்டுகிறது. முள்ளும் ஓடுமாக இருக்கும், வலையைக் கிழிக்கும், தின்னவும் ஆகாது.

மூன்றாவது, பாதை அடைபட்டது. முட்டுக்காடு கழியைக் குறுக்கே சாலைகள் கடக்கின்றன. பாலத்துக்குக் கீழே தண்ணீர் போக விடும் வழி குறுகினால் ஓதம் உள்ளே ஏறும் அளவும் குறையும். கோடையில் மணல் திட்டு சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வேகமாக வரும் மழைத் தண்ணீர்தான் அந்த மணலை உடைத்துத் தள்ள வேண்டும். ஏரிகள் தூர்ந்துபோனதால் மழை பெய்தால் ஒரே நாளில் வெள்ளமாக வந்து போய்விடுகிறது, மற்ற நாளில் ஒன்றும் வருவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இதை நாம் அனுபவித்தோம். முகத்துவாரம் மூடிக் கிடக்கும் நாட்களில் கொடுவாக் குஞ்சு உள்ளே வர வழியில்லை. உள்ளே இருக்கும் பெரிய மீன் வெளியே போகவும் வழியில்லை. தேங்கிய தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து கறுத்துப்போகும். விராலைப் போலக் காற்றை இழுக்கக் கொடுவாவுக்குத் தெரியாது.

பாலாற்றில் கதை வேறு மாதிரி. வாயலூரில் 2019இல் தடுப்பணை கட்டினார்கள். கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுத்து நிலத்தடி நீரைக் காப்பதற்குக் கட்டியது. அதனால் கிணற்றுத் தண்ணீர் நல்லதானால் விவசாயிக்கும் குடிக்கிறவர்களுக்கும் லாபம். ஆனால் கடலிலிருந்து ஆற்றில் ஏறுகிற மீனுக்கு அது ஒரு சுவர். மீன் ஏறிப்போக அணையின் ஓரத்தில் படிப்படியாக வழி வைக்கும் முறை உலகத்தில் பல நாடுகளில் உண்டு. நம்ம பக்கம் தடுப்பணை கட்டும்போது அதைக் கேட்பாரும் இல்லை, வைப்பாரும் இல்லை.

யாருக்கு நஷ்டம்?

கொடுவாவைத் தூண்டில் போட்டுப் பிடிக்க சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த தூண்டில், பொழுதுபோக்குக்கு வருகிறார்கள், பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மீன் கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். அவ்வளவுதான்.

ஆனால் கழியில் இறங்கும் இருளர் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். உடம்புதான் அவர்களுக்கு முதலீடு. அந்தத் தண்ணீர் சாக்கடையானால் முதலில் அவர்கள் தோல்தான் அரிக்கும். சேற்றில் உடைந்த பாட்டில் கிடந்தால் அவர்கள் கைதான் கிழியும். கொடுவா தின்பதும் அந்த இறாலைத்தான் என்பதால், இறால் குறைந்தால் இருளர் வீட்டு அடுப்பும் அணையும், கொடுவாவும் குறையும்.

அடுத்து மீன் விற்கும் பெண்கள். கழியில் கிடைக்கும் மீனைக் கரையிலேயே சிறு முதலில் வாங்கி, பக்கத்து ஊர்களில் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். அது குறைந்தால் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை என்று போய் ஏலத்தில் வாங்க வேண்டும். வண்டிச் செலவு, ஐஸ் செலவு, கந்து வட்டி எல்லாம் ஏறும். நம்ம குழுக் கடன் நிலுவைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. "ஏன் அந்த உறுப்பினர் தவணை கட்டலை?" என்று கேட்கிறோம். கழியில் மீன் இல்லை என்பது அந்த ரிஜிஸ்டரில் எழுதப்படாத காரணம்.

ஏரி ஊர்களில் மீன்பாசி குத்தகை என்று ஒன்று உண்டு. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது. ஏரியில் தண்ணீர் நல்லா இருந்தால் குத்தகைத் தொகை ஏறும். தண்ணீர் கெட்டால் கேட்க ஆளிருக்காது, பொது வருமானம் போச்சு. பிறகு "இந்த ஏரியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்துவிட்டால் ஆக்கிரமிப்பு ரொம்ப தூரத்தில் இல்லை.

குடிநீரா, மீனா?

இப்போது ஒரு கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். 2025-26 தமிழக அரசு நிதிநிலை அறிக்கையில், கோவளம் அருகே சுமார் 350 கோடி ரூபாயில், 1.6 டிஎம்சி கொள்ளளவுள்ள புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். மழைக்காலத்தில் வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீரைத் தேக்கி சென்னைப் புறநகருக்குக் குடிநீர் கொடுப்பது நோக்கம். குடிநீர்ப் பஞ்சம் எப்படி இருக்கும் என்று 2019 கோடையில் பார்த்தோம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது பெண்கள்தான். அதனால் "தண்ணீர் வேண்டாம்" என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம்.

ஆனால் மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்தைக் கரை போட்டு நல்ல தண்ணீராக மட்டும் மாற்றினால், அந்தக் கலப்பை நம்பி வாழும் இறால், நண்டு, கொடுவா என்ன ஆகும்? கழிக்கு வரும் தண்ணீர் குறைந்தால் முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது எது? 'வீணாகக் கடலுக்குப் போகிறது' என்று சொல்லும் அந்தத் தண்ணீரில்தான் கழியின் உயிர் இருக்கிறது. மழைத் தண்ணீரின் வாசனை பிடித்துத்தான் குஞ்சு மீன்கள் கழியைத் தேடி வருகின்றன.

இதற்கு விடை இந்தக் கூட்டத்தில் என்னால் சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. எவ்வளவு தண்ணீர் தேக்குவார்கள், எவ்வளவு விடுவார்கள், எந்த மாதத்தில் விடுவார்கள், கழியில் தொழில் செய்யும் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்களா என்று கேட்க வேண்டும். பட்டாவும் படகும் உள்ளவர்களைக் கணக்கெடுப்பது சுலபம். பறியை மட்டும் வைத்திருக்கும் பெண் எந்தக் கணக்கில் வருவாள்? அவளைக் கணக்கில் கொண்டுவருவதுதான் நம்ம வேலை.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாகத் தேக்கும் இடத்தைத் தேடுவதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் ஏரிகள் எத்தனை டிஎம்சி பிடிக்கும்? அவற்றைத் தூர்வாரி, சாக்கடையைத் தடுத்தால் குடிக்கவும் தண்ணீர், வெள்ளத்துக்கும் காப்பு, மீனும் கிடைக்கும். சிட்லப்பாக்கம் மக்கள் பல வருஷம் விடாமல் கேட்டார்கள். 2019இல் அவர்களே ஏரியில் இறங்கி வேலை செய்தார்கள். பிறகு அரசும் நிதி ஒதுக்கிச் சீரமைப்பு நடந்தது. முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கொடுவா வளர்க்கலாமா?

"இயற்கையா கிடைக்கலைன்னா நாமளே வளர்க்கலாமே" என்று சில குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நம்ம முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 'சிபா' என்று சொல்வார்கள். 1997இல் கொடுவாவைக் குஞ்சுப் பொரிப்பகத்திலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது அந்த நிறுவனம்தான். பெண்கள் குழுக்களுக்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கும் அவர்கள் பயிற்சியும் கொடுத்து வருகிறார்கள்.

வளர்ப்பதில் இரண்டு கட்டம் உண்டு. குஞ்சை விரல் அளவுக்கு வளர்த்து விற்பது ஒன்று. அதைப் பெரிய மீனாக வளர்ப்பது இன்னொன்று. குழுவுக்கு ஏற்றது முதல் கட்டம்தான் என்பது என் கருத்து. கழியிலோ குளத்திலோ சின்னக் கண்ணி வலையைப் பெட்டி போலக் கட்டி, அதில் குஞ்சை விட்டு ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்து விற்கலாம். இடமும் காலமும் குறைவு.

ஆனால் கொடுவாக் குஞ்சு ஒன்றையொன்று தின்னும். கூட வளர்ந்த குஞ்சில் ஒன்று கொஞ்சம் பெரிதானால் சின்னதை முழுசாக விழுங்கிவிடும். அதனால் சில நாட்களுக்கு ஒரு முறை பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிரித்துத் தனித்தனிப் பெட்டியில் விட வேண்டும். ஒரு வாரம் அசந்தால் பாதிக் குஞ்சு காணாமல் போயிருக்கும். தினமும் தீனி, தினமும் வலை சுத்தம். நாலு பேர் பெயரைக் கொடுத்துவிட்டு ஒருத்தி மட்டும் வேலை செய்யும் குழுவுக்கு இது சரிப்படாது.

இன்னொன்றும் இருக்கிறது. வளர்க்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். கழி சாக்கடையானால் பெட்டியில் வளர்க்கும் மீனும் ஒரே ராத்திரியில் செத்துப்போகும். வெளியே இருக்கிற மீனாவது நீந்தித் தப்பிக்கும், பெட்டிக்குள் இருக்கிறது எங்கே போகும்? ஆகவே வளர்ப்புத் தொழில் வந்தால் கழியைக் காப்பாற்றும் வேலை குறையாது, கூடும். பெரிய கடன் எடுத்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் பயிற்சிக்குப் போங்கள், ஒரு பருவம் சின்ன அளவில் செய்து பாருங்கள். வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் குஞ்சு விடாதீர்கள். 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டம், எவ்வளவு மானியம் நடைமுறையில் இருக்கிறது என்பதை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இடைத்தரகரிடம் கேட்க வேண்டாம்.

நம்ம குழுக்கள் செய்ய வேண்டியது

பேசிவிட்டுப் போனால் போதாது. ஒவ்வொரு ஊராட்சியிலும் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. உங்கள் ஊர் ஏரி, குளம், கழி எல்லாவற்றையும் பட்டியல் எடுங்கள். சர்வே எண், பரப்பு எவ்வளவு, யார் பொறுப்பு, பொதுப்பணியா நீர்வளத் துறையா ஊராட்சியா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதுங்கள். கொடுக்கவில்லை என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

2. ஏரிக்குள் சாக்கடை எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். எத்தனை இடம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏரி நாறுது' என்று மனு கொடுத்தால் பதில் வராது. 'வடக்குக் கரையில் மூன்று குழாய்' என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

3. கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் நடத்த வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உங்களுக்குத் தெரியும். 2022இலிருந்து மார்ச் 22, உலக தண்ணீர் நாள், நவம்பர் 1, உள்ளாட்சி நாள், இரண்டும் சேர்ந்தன. மார்ச் 22 கிராம சபையில் ஏரியைப் பற்றி ஒரு தீர்மானமாவது நம்ம பெண்கள் கொண்டுவர வேண்டும். தீர்மான நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

4. மீன்பாசி குத்தகை எப்போது ஏலம் போகிறது, எவ்வளவு தொகை, யார் எடுத்தார்கள் என்று கேளுங்கள். குழுவாகவோ சங்கமாகவோ எடுக்க விதி இடம் கொடுக்கிறதா என்றும் கேளுங்கள்.

5. கழியோரத்தில் ஓதம் ஏறும் தூரம் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் பொருந்தும். 1991இல் முதலில் வந்தது. 2011 அறிவிக்கையில் கழி ஓரத்தில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இதில் எது குறைவோ அது என்று இருந்தது. 2019இல் அந்த 100 மீட்டரை 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். குறைத்த அந்த அளவுக்குள்ளாவது மண் கொட்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தேதி, இடம் போட்டு மனு கொடுங்கள்.

6. இருளர் சகோதரிகள் உள்ள குழுக்கள், கழியில் தொழில் செய்கிறவர்கள் பெயர்ப் பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். யார், எந்த இடத்தில், எந்த மாதங்களில், என்ன பிடிக்கிறார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். நாளைக்கு இழப்பீடு, கணக்கெடுப்பு என்று வரும்போது நீங்கள் அங்கே இருந்ததற்கு அதுவே சாட்சி.

கடைசியாக, நம்ம வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று நாமும் பார்க்க வேண்டும். கோழிக் கழிவு, பிளாஸ்டிக் பை, பழைய துணி எல்லாம் ஏரிக் கரையில் கொட்டுவது வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை.

சங்கமாகச் சேர்ந்தால் முடியும்

"நாங்க சின்ன ஆளுங்க, எங்க பேச்சு எடுபடுமா?" என்று கேட்பீர்கள். நம்ம வடநெம்மேலியைப் பாருங்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபோது இருளர்களின் பிழைப்பே போனது. அப்போது 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். தோலுக்காகப் பாம்பைக் கொல்வதை விட்டு, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் தொழிலாக மாற்றினார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போனது. பாம்பும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. அந்த அறிவு இருளர்களுடையது. அதை ஒரு சங்கமாக்கியதுதான் புதிது. பாம்புக்கு முடிந்தது மீனுக்கு முடியாதா?

"குளம் உடைந்து போகும்போது முறை வீதமா?" என்று நம்ம பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். கரை உடையும் நேரத்தில் யாருக்கு முதல் தண்ணீர் என்று சண்டை போடக் கூடாது என்று அர்த்தம். ஏரிக்காரி, கழிக்காரி, கடல்காரி என்று நாம் தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டும். மூன்று பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் யாரைக் கை காட்டுவார்கள்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊராட்சிக் குழுவும் உங்கள் ஏரி அல்லது கழியின் பட்டியலோடு வாருங்கள். எத்தனை சாக்கடைக் குழாய் விழுகிறது, எத்தனை பெண்கள் அந்தத் தண்ணீரை நம்பித் தொழில் செய்கிறார்கள் என்ற இரண்டு எண் போதும். எல்லா எண்ணையும் கூட்டி, கூட்டமைப்பின் பெயரில் ஒரே மனுவாக மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நாமே நேரில் கொடுப்போம். எல்லோரும் வர வேண்டும். குழந்தை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றால் குழுவுக்கு ஒருவராவது வாருங்கள்.